எல்லாவற்றையும் விட்டாயிற்று, உள்ளம் மட்டும் சுத்தமாகவில்லை. ஏன்?

மிக்சர்தம்பி (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். வயது 27, திருமணம் ஆகவில்லை. இரவு ஷிப்ட் வேலை, தனியறை. பகலில் தூக்கம் வராது, கையில் போன் இருக்கும். எதைச் சொல்கிறேன் என்று இங்கே பலருக்குப் புரியும். அதிலிருந்து வெளியே வர யார் யார் என்ன சொன்னார்களோ அத்தனையும் செய்தேன். ஸ்மார்ட்போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டு பட்டன் போன் வைத்திருக்கிறேன் (இதை வேலையிடத்துக் கணினியில் எழுதுகிறேன்). படம் பார்ப்பதில்லை. வாரத்தில் ஒருநாள் உபவாசம். தூக்கம் வராவிட்டால் படுத்துப் புரளாமல் எழுந்து நடந்துவிடுவேன். சரீரத்தைப் பொறுத்தவரை கட்டுப்பாடு வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனால் உள்ளே பார்த்தால் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கிறேன். சபையில் சவுண்ட் மிக்சர் பார்ப்பது நான். பாடல் குழுவில் ஒருவர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலே மனசு கொதிக்கிறது. பக்கத்தில் யாராவது போனைப் பார்த்துச் சிரித்தால் "இவன் என்னத்தைப் பார்க்கிறானோ" என்றுதான் முதலில் தோன்றுகிறது. சகோதரிகள் மைக் கேட்டு வந்தால் முகம் பார்க்காமல் நீட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வேன். அது சாட்சியான நடக்கை என்று நினைத்திருந்தேன். அவர்களில் ஒருவர் "அண்ணனுக்கு என்மேல் என்ன கோபம்?" என்று என் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். ஜெபத்தில் உட்கார்ந்தால் வறண்டு கிடக்கிறது.

இதற்குமேல் கனவு வேறு. விழித்திருக்கும்போது நான் காக்கிறேன், தூக்கத்தில் சரீரம் தன் பாட்டுக்குப் போகிறது. சனிக்கிழமை அப்படி ஆகிவிட்டால் ஞாயிறு திருவிருந்தில் (அப்பமும் ரசமும் பெறுவதில்) கலந்துகொள்ளாமல் மிக்சரிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசித்து ஆக்கினை தேடிக்கொள்ள வேண்டாம் என்ற பயம்.

இந்த நேரம் பார்த்து வாலிபர் கூட்டத்தில் பரிசுத்தத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி பாஸ்டர் கேட்டிருக்கிறார். "நம்ம தம்பிதான் அதுக்குச் சரியான ஆள்" என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டார். நான் என்ன சொல்ல? சரீரத்தைக் காத்தால் உள்ளமும் தானாகச் சுத்தமாகும் என்றுதானே கேட்டு வளர்ந்தோம்?

ஜெபவீரன்77

பிரதர், வசனத்தை மனப்பாடம் பண்ணுங்க. சங்கீதம் 119:9, 11. காலை நாலு மணி ஜெபத்தை விடாதீங்க. சத்துரு உங்களைக் குழப்புறான், அவ்வளவுதான். விடாமப் போராடுங்க, ஜெயம் நமக்கே.

பழையபோதகர்

தம்பி, மேலே சொன்ன சகோதரரின் ஆலோசனை தப்பில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் அல்ல. போராடத்தான் செய்கிறீர்கள். எதை எதிர்த்துப் போராடுகிறீர்கள் என்பதில்தான் குழப்பம்.

முதலில் அந்த ஆலய வசனத்தை எடுப்போம். நான் ஊழியத்தில் இருந்த காலமெல்லாம் வாலிபர்களிடம் ஒரு மிரட்டலைப் போலத்தான் அதைச் சொல்லி வந்தோம்: உன் சரீரம் ஆலயம், அதைக் கெடுக்காதே. 1 கொரிந்தியர் 6ஐ 12ஆம் வசனத்திலிருந்து மெதுவாக வாசியுங்கள். கொரிந்துவில் சிலர் வேசியிடம் போய்க்கொண்டே அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் அனுபவிக்க அதிகாரம் உண்டு, வயிற்றுக்குச் சாப்பாடு, சாப்பாட்டுக்கு வயிறு, இரண்டும் ஒருநாள் அழியப்போகிறது, ஆகவே சரீரத்தில் என்ன செய்தால் என்ன என்பது அவர்கள் வாதம். அதாவது சரீரத்தை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பவுல் அதற்குச் சொன்ன பதில் சரீரம் மோசமானது என்பதல்ல. சரீரம் கர்த்தருக்கு உரியது, கர்த்தரும் சரீரத்துக்கு உரியவர், தேவன் அதை எழுப்பப்போகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் ஆலயம் என்கிறார். காவலுக்கு நிற்கும் நீங்கள் உள்ளே குடியிருப்பவரை மறந்துவிட்டீர்களோ என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. எதையெல்லாம் நிறுத்தினீர்கள் என்று வரிசையாகச் சொன்னீர்கள். எதைத் தொடங்கினீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

மத்தேயு 12இல் இயேசு சொன்ன அந்த வீடு ஞாபகம் இருக்கிறதா? அசுத்த ஆவி திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் வெறுமையாக இருக்கிறது. தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. அந்த வீட்டில் தூசி இல்லை, ஆளும் இல்லை. உங்களிடம் முன்பு இருந்தது ஒன்று, இப்போது இருப்பது கோபம், சந்தேகம், அலட்சியம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கலாத்தியர் 5இல் மாம்சத்தின் கிரியைகள் என்று பவுல் தரும் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். முதல் நான்கும் நீங்கள் பயப்படும் விஷயங்கள்: விபசாரம், வேசித்தனம், அசுத்தம், காமவிகாரம். அப்புறம் விக்கிரகாராதனையும் பில்லிசூனியமும். அதற்குப் பின்னால் மூச்சு விடாமல் பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள். முதல் நாலுக்கு நாம் முகாம் நடத்துகிறோம். பின்னால் வரும் எட்டுக்கு எந்தச் சபையிலாவது முகாம் நடந்து பார்த்திருக்கிறீர்களா? சில சபைகளில் அந்த எட்டும் நடப்பதே கமிட்டி கூட்டத்தில்தான். சரி, அது என் பழைய மனத்தாங்கல், விடுங்கள்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் எவாக்ரியுஸ் என்று ஒரு துறவி இருந்தார், 399இல் இறந்தவர். மனதைத் தாக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார்: பெருந்தீனி, காமம், பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. பிற்காலத்தில் ஏழு தலையான பாவங்கள் என்று ஆனதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். இந்த எண்ணங்கள் வந்து தொல்லை கொடுப்பதும் கொடுக்காததும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்பது அவர் சொன்ன விஷயம். உங்கள் நிலைமைக்கு இன்னும் பொருத்தமானது அவர் வீண்பெருமையைப் பற்றி எழுதியது. அது தோற்றவனிடம் வராதாம், ஜெயிக்கிறவனிடம்தான் வருமாம். ஊரெல்லாம் தன்னைப் பரிசுத்தவான் என்று சொல்வதாகக் கற்பனை பண்ண வைத்து, உச்சிக்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்து சில சமயம் நேராகக் காமத்தின் கையிலேயே கொடுத்துவிடுமாம். "அதுக்குச் சரியான ஆள்" என்று உங்களை எல்லார் முன்பும் சொன்னார்கள் என்றதும் எனக்கு இவர்தான் ஞாபகம் வந்தார்.

கனவைப் பற்றி. உபாகமம் 23:10, 11 பாருங்கள். இரவில் அப்படி நேர்ந்தவன் பாளயத்துக்கு வெளியே போய், சாயங்காலத்தில் ஸ்நானம்பண்ணி, சூரியன் அஸ்தமித்ததும் உள்ளே வரலாம். லேவியராகமம் 15லும் விந்து வெளிப்பட்டவன் குளித்து மாலைவரை காத்திருந்தால் போதும், அதற்குப் பலி ஒன்றும் கேட்கவில்லை. நியாயப்பிரமாணமே இதைக் குற்றமாக்கவில்லை தம்பி. சபை வரலாற்றிலும் இந்தக் கேள்வி உங்களுக்கு முன்பே வந்திருக்கிறது. இங்கிலாந்துக்கு மிஷனரியாகப் போன அகஸ்டின், இப்படி நேர்ந்தவன் திருவிருந்தில் சேரலாமா என்று ரோமாபுரியில் இருந்த போப் கிரகோரியிடம் கேட்டதாகவும், அவர் எழுதிய பதிலையும் 731இல் அந்த நாட்டுச் சபை வரலாற்றை எழுதி முடித்த பீட் என்ற துறவி பதிவு செய்திருக்கிறார். கிரகோரி அதற்கு ஒரே பதில் சொல்லவில்லை, காரணம் என்ன என்று திருப்பிக் கேட்கிறார். உடம்பின் இயல்பாலோ பலவீனத்தாலோ நேர்ந்தால் பயப்படவே வேண்டாம். அளவுக்கு மீறிச் சாப்பிட்டதால் என்றால் ஓரளவு குற்றம் உண்டு. விழித்திருக்கும்போது வேண்டுமென்றே வளர்த்த எண்ணத்தின் தொடர்ச்சி என்றால் அந்த எண்ணத்தைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் கனவு முதல் வகை என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

திருவிருந்து விஷயத்தில் ஒன்று. 1 கொரிந்தியர் 11இல் பவுல் யாரைக் கண்டிக்கிறார்? கூடி வரும்போது தங்கள் சாப்பாட்டைத் தாங்களே முந்திச் சாப்பிட்டு, இல்லாதவனைப் பசியோடு உட்கார வைத்து வெட்கப்படுத்தியவர்களை. அபாத்திரமாய்ப் புசித்ததற்கு அந்த அதிகாரத்தில் கண்ணெதிரே இருக்கிற உதாரணம் அதுதான். அங்கேயும் "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்றதற்கு அடுத்து வருவது புசிக்கவும் பானம்பண்ணவும் சொல்லும் கட்டளை. சோதித்துவிட்டு ஒதுங்கிக்கொள் என்று எழுதவில்லை. நீங்கள் ஒதுங்கியே ஆகவேண்டும் என்றால் கனவுக்காக ஒதுங்காதீர்கள். உங்கள் அம்மாவிடம் கேட்ட அந்தத் தங்கச்சியிடம் முதலில் போய்ப் பேசுங்கள். காணிக்கைக்கு முன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23, 24 அதற்குத்தான் எழுதப்பட்டது.

இரவுப்பணிஅக்கா

ஐயா சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். தம்பிக்கு என் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

நான் நர்ஸ். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் துடைத்துவிடுவதும் பெட்பேன் வைப்பதும் முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவதும் என் அன்றாட வேலை. ஆண், பெண், வயதானவர், வாலிபர் எல்லாரையும். சரீரத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் எப்போதும் ஒரே ஒரு ஆபத்தை மட்டும் பேசுகிறவர்களை ஒருநாள் என்னோடு வார்டுக்குக் கூட்டிப்போக ஆசை. சீழையும் மலத்தையும் தொட்டுத் துடைக்கும்போது என் மனதில் அசுத்தம் என்ற நினைப்பே வருவதில்லை. அதே டியூட்டியில் ஓய்வறைக்குப் போய் உட்கார்ந்து இன்னொரு ஸ்டாஃபைப் பற்றிப் பேசிவிட்டு வரும்போது வரும். கைகளைக் கழுவ அங்கே எல்லா வசதியும் இருக்கிறது, அதற்கு ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு வருஷம் இரத்தப்போக்கு இருந்த பெண்ணை யோசித்துப் பாருங்கள். லேவியராகமம் 15இன்படி அவள் தொட்டதெல்லாம் தீட்டு. கூட்டத்துக்குள் புகுந்து வந்ததே தப்பு. அவள் தொட்டால் இயேசுவுக்குத் தீட்டு ஒட்டியிருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர், அவரிடமிருந்து வல்லமை புறப்பட்டு அவளுக்குப் போயிற்று. குஷ்டரோகியைத் தொட்டபோதும் அப்படித்தான். நம் ஆட்கள் பரிசுத்தத்தை எதுவும் படாமல் மூடி வைக்க வேண்டிய ஒன்றாக மட்டுமே நினைக்கிறார்கள். அவரிடம் அது வெளியே பாயும் ஒன்றாக இருந்தது. ஐயா சொன்ன கிரகோரியும் இதே பெண்ணைக் காட்டித்தான், மாதவிலக்கு நாட்களில் பெண்களை ஆலயத்துக்கு வரவேண்டாம் என்று தடுக்கக் கூடாது என்று எழுதினார். இன்றைக்கும் அந்த நாட்களில் திருவிருந்துக்கு முன்னால் போகத் தயங்கும் பெண்களை எனக்குத் தெரியும். யாரும் அவர்களிடம் இதைச் சொன்னதில்லை.

இன்னொன்றைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. மைக்கை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்புவது உங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கலாம். எதிரே நிற்கும் பெண்ணுக்கு, நான் ஒரு கண்ணி, நான் ஒரு சோதனை என்று சொன்ன மாதிரி. இச்சையோடு பார்க்கிற கண்ணைப் பற்றி மத்தேயு 5இல் பேசிய இயேசு, பார்க்கிறவனிடம்தான் பேசினார், பார்க்கப்பட்டவளைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு அவர் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சீஷர்களே ஆச்சரியப்பட்டார்கள். தீமோத்தேயு வாலிபன், அவனுக்குப் பவுல் சொன்னது பாலிய ஸ்திரீகளை எல்லாக் கற்புடன் சகோதரிகளைப்போல் பாவிக்க வேண்டும் என்று (1 தீமோ. 5:2). தங்கச்சி வந்தால் யாராவது முகத்தைத் திருப்புவார்களா? பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, மைக் சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அது போதும்.

மிக்சர்தம்பி

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா சொன்னது கொஞ்சம் வலித்தது, ஆனால் சரிதான்.

ஒரு சந்தேகம். அப்படியென்றால் நான் செய்ததெல்லாம் வீணா? பட்டன் போன், உபவாசம்? பவுலே "என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்" என்கிறாரே (1 கொரி. 9:27). கண் இடறல் உண்டாக்கினால் பிடுங்கிப்போடு என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே?

பழையபோதகர்

வீண் என்று நான் சொல்லவே இல்லை. பட்டன் போனை மாற்றாதீர்கள்! தனியறை, தூக்கமில்லாத பகல், கையில் ஸ்மார்ட்போன் மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஆவிக்குரிய பலத்தைப் பரீட்சை பண்ணுவது புத்தியல்ல. எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு அங்கே நின்று ஜெபம் பண்ணவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான்.

9:27ஐ அதற்கு மேலே உள்ள வசனங்களோடு வாசியுங்கள். பந்தயத்தில் ஓடுகிறவனைப் பற்றிய பேச்சு அது. ஓட்டக்காரன் இச்சையடக்கமாக இருப்பது தன் கால்களை வெறுப்பதால் அல்ல, அந்தக் கால்களால் ஓட வேண்டியிருப்பதால். அதே பவுல் கொலோசெயர் 2இல், தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே என்ற கட்டளைகளும் சரீர ஒடுக்கமும் பார்க்க ஞானம்போலத் தெரிந்தாலும் மாம்சத்தை அடக்க உதவாது என்கிறார். அடுத்த அதிகாரத்தில் அழித்துப்போடுங்கள் என்று தொடங்கி, களைந்துபோட வேண்டியவற்றில் கோபத்தையும் மூர்க்கத்தையும் சேர்த்து, நிறுத்தாமல் உருக்கமான இரக்கம், தயவு, தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை இவைகளைத் தரித்துக்கொள்ளுங்கள் என்று போகிறார். நீங்கள் களைந்ததோடு நின்றுவிட்டீர்கள்.

கண்ணைப் பிடுங்கும் வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் என்ன ஆகும் என்பதும் சபை பார்த்த விஷயம்தான். ஆதிச் சபை அறிஞர் ஓரிகன் வாலிபத்தில் தன்னைத்தானே அண்ணகனாக்கிக்கொண்டார் (ஆண்மையை நீக்கிக்கொண்டார்) என்று சபை வரலாற்று ஆசிரியர் யூசேபியு எழுதியிருக்கிறார். அது நடந்ததா என்று சந்தேகிக்கிற அறிஞர்களும் உண்டு. ஆனால் இப்படிச் செய்தவர்கள் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் போட்ட முதல் விதியே, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போது தன்னைத்தானே சிதைத்துக்கொண்டவன் குருத்துவத்தில் இருக்கக் கூடாது என்பது. நோயினால் வைத்தியர் வெட்டியிருந்தாலோ பகைவர் சிதைத்திருந்தாலோ தடையில்லை. விசுவாசப் பிரமாணத்தை வகுத்த அதே சங்கம், சரீரத்தின்மேல் கைவைக்கிற வைராக்கியத்துக்குப் பீடத்தில் இடமில்லை என்றும் தீர்த்துச் சொல்லியது.

சாட்சி விஷயம். என்னைக் கேட்டால் சாட்சியாகச் சொல்லாதீர்கள். பாஸ்டரிடம் தனியாகப் போய், சாட்சிக்குப் பதில் கலாத்தியர் 5ஐ வாசித்து எல்லாரும் சேர்ந்து பேசலாமா என்று கேளுங்கள். அந்தப் பதினேழு வார்த்தைகளையும் பலகையில் எழுதிப்போட்டாலே பாதி வேலை முடிந்தது. வெட்கத்தோடு உட்கார்ந்திருக்கிற பையனுக்கும், தனக்கு ஒரு குறையும் இல்லை என்று உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கும் அங்கே இடம் கிடைக்கும்.

மெழுகுதிரி

நான் கத்தோலிக்கன், இங்கே பெரும்பாலும் வேறு சபையினர், இருந்தாலும் சொல்கிறேன். தம்பி எழுதியதில் எனக்குத் தெரிந்த ஒரு நோய் தெரிகிறது. எல்லாவற்றிலும் பாவம் இருக்கிறதோ என்று திரும்பத் திரும்பத் தோண்டுவது. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினில் மன்ரேசாவில் இருந்தபோது இதில்தான் சிக்கினார். அறிக்கையிட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, உபவாசம் இருந்து, உயிரை விட்டுவிடலாமா என்னும் அளவுக்குப் போனார். பழையவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் விடுதலை. 1992இல் வெளியான எங்கள் மறைக்கல்வி நூலும் தன்னடக்கத்தை நீண்ட காலம் எடுக்கும் வேலை என்றுதான் சொல்கிறது, ஒரே அடியாகச் சம்பாதித்து முடித்துவிட்டதாக யாரும் நினைக்க முடியாது என்று.

எங்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. வாயைத் திறந்து ஒருவரிடம் சொல்லி, மன்னிப்பைக் காதால் கேட்டுவிட்டு எழுந்து வருவோம். உங்கள் சபையில் அந்த முறை இல்லையென்றாலும் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16 இருக்கிறதே? நீங்கள் இத்தனையையும் யாரிடமும் சொல்லாமல் தனியாகவே செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மிக்சர்தம்பி

உண்மைதான் அண்ணே, யாரிடமும் சொன்னதில்லை. போனை வாங்கிக்கொண்ட அண்ணனுக்கும் காரணம் தெரியாது, பணம் மிச்சம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பாஸ்டரிடம் கலாத்தியர் விஷயத்தைச் சொன்னேன், கொஞ்சம் யோசித்துவிட்டு சரி என்றார். தங்கச்சியிடமும் பேசிவிட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தன் மானிட்டரில் சத்தம் குறைவாக இருக்கிறது என்ற புகாரைத்தான் பெரிதாக எடுத்துச் சொன்னாள்.

யாரிடம் சொல்வது என்பதுதான் இப்போது கேள்வி. நண்பர்களிடம் சொன்னால் பரவிவிடும். பாஸ்டரிடம் சொன்னால் மிக்சரிலிருந்தே எழுப்பிவிடுவாரோ என்று பயம்.

பழையபோதகர்

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவருக்கு எத்தனை வசனம் தெரியும் என்று பார்க்காதீர்கள். மற்றவர்கள் விழுந்த கதையை அவர் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். பெயரோடு, ருசித்துச் சொல்கிறவர் என்றால் வேண்டாம். ஆணாக, உங்களைவிட மூத்தவராக, நீங்கள் சொன்னதும் உடனே ஆலோசனை தர ஆரம்பிக்காதவராக இருந்தால் நல்லது. எல்லாவற்றையும் முதல் நாளே கொட்ட வேண்டியதில்லை. அண்ணனிடமிருந்தே ஆரம்பிக்கலாம், போனை ஏன் கொடுத்தேன் என்று மட்டும்.